பிள்ளையைப் போலீஸ் பிடித்தால்... பெற்றோரே, முதலில் பேனாவை எடுங்கள்!

 

"உங்க பையனைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு" என்ற செய்தி வந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தகப்பன் கடையை இழுத்து மூடிவிட்டுக் கட்சிக்காரர் ஒருவரைத் தேடி ஓடுகிறார். அவர் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைக் காட்டுகிறார். அந்த ஆள் உள்ளே போய் வந்து ஒரு தொகையைச் சொல்கிறார். "சும்மா விசாரணைதான் பாய், காலைல அனுப்பிடுவாங்க. வக்கீல் அது இதுன்னு போனா கேஸ் பெருசாயிடும்" என்று ஆறுதலும் சொல்கிறார். நகை அடகுக் கடைக்குப் போகிறது, பணம் கைமாறுகிறது. மறுநாள் மாலை பையன் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்பட்டு ரிமாண்டு செய்யப்படுகிறான். பணமும் போயிற்று, பிள்ளையும் வேடம்பட்டு சிறைக்குப் போய்விட்டான்!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஜமாஅத் பணிகளில் இருப்பவர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் இந்தக் கதையை! இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒரு நாளில் அந்தக் குடும்பம் அழுதது, கெஞ்சியது, கடன் வாங்கியது, பணம் கொடுத்தது. ஆனால் ஒரு வரி கூட எழுதவில்லை. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், யார் பிடித்தார்கள், பையனுக்கு வயது என்ன என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கூட அவர்கள் கையில் இல்லை. அப்படியானால் நீதிமன்றத்தின் முன் இருப்பது யார் எழுதிய காகிதம்? போலீஸ் எழுதிய காகிதம் மட்டும்தான்!

வியாபாரிகளே, சிந்தியுங்கள்! நூறு ரூபாய் கடன் கொடுத்தாலும் பேரேட்டில் எழுதுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சரக்குக்கு எழுதுகிற கை பெற்ற பிள்ளைக்கு எழுத மறுப்பது ஏன்? பயம், வெட்கம், சட்டம் தெரியாமை ஆகிய மூன்றும்தான் காரணம். இதில் மூன்றாவதைப் போக்கினால் முதல் இரண்டும் தாமாகவே குறையும், இன்ஷா அல்லாஹ்.

24 மணி நேரம் என்பது என்ன?

கைது செய்யப்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்பதெல்லாம் காரணமாகாது. விடுமுறை என்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறினாலும் இந்த உரிமைகள் மாறவில்லை. எதற்காகக் கைது என்பதைச் சொல்ல வேண்டும் (பிரிவு 47). கைதான செய்தியையும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் உடனே உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் (பிரிவு 48). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் (பிரிவு 38). கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, அதன் நகலைக் கொடுக்க வேண்டும் (பிரிவு 53). மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கைதானவர்களின் பெயர்களை எழுதி வைக்க வேண்டும் (பிரிவு 37). ஆகவே "எந்த ஸ்டேஷன்னே தெரியல" என்று நீங்கள் அலைய வேண்டியதில்லை. விழுப்புரம் எஸ்.பி. அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் கேட்பது உங்கள் உரிமை.

இத்தனை இருந்தும் பிள்ளைகள் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்? கடிகாரத்தின் முதல் நிமிடம் எது என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது. திங்கள் இரவு 9 மணிக்கு ஆளைத் தூக்குகிறார்கள். செவ்வாயும் அவன் ஸ்டேஷனில்தான் இருக்கிறான். "கைது" என்று காகிதத்தில் எழுதுவது புதன் காலை 6 மணிக்கு! அதற்கு முன்னால் நடந்ததற்குப் பெயர் "விசாரணை". அடி விழுவதும் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதும் அந்தக் கணக்கில் வராத நேரத்தில்தான்.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்கென்று கொண்டு போகப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமார் உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு வயது 27. "சும்மா விசாரணைதான்" என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்று புரிகிறதா?

தந்தி கொடுத்த காலம்

நம் பெரியவர்கள் அன்று ஒரு காரியம் செய்வார்கள். பிள்ளையைப் பிடித்ததும் தந்தி அலுவலகத்துக்கு ஓடி எஸ்.பி.க்கும், கலெக்டருக்கும், உயர் நீதிமன்றத்துக்கும் தந்தி கொடுப்பார்கள். "என் மகனை நேற்று இரவு இன்ன போலீசார் பிடித்துச் சென்றனர், உயிருக்கு ஆபத்து" என்று நாலே வார்த்தைதான். அந்தத் தந்தியில் தேதியும் நேரமும் இருக்கும். நாளை போலீஸ் எந்த நேரத்தை எழுதினாலும் அந்த ரசீது எதிர்த்து நிற்கும்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றுபோனது. அதோடு சேர்த்து அந்தப் புத்தியையும் நாம் நிறுத்திவிட்டோமா? இன்று மின்னஞ்சல் இருக்கிறது. ஒப்புகையோடு விரைவுத் தபால் இருக்கிறது. எஸ்.பி.க்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும், மாவட்ட நீதிபதிக்கும் அன்று இரவே அனுப்பலாம். எப்படி எழுதுவது? இப்படி எழுதுங்கள்:

"என் மகன், வயது 17, இன்ன பள்ளியில் படிப்பவன். இன்ன தேதி இரவு 9.40 மணிக்கு எங்கள் கடை வாசலில் வைத்து, சீருடையில் இருவரும் சாதாரண உடையில் ஒருவரும் வந்து, இன்ன எண்ணுள்ள வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். காரணம் சொல்லவில்லை. 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கேட்டபோது பார்க்க விடவில்லை. நேரில் பார்த்தவர்கள் இன்னார், இன்னார். அவன் உடலில் அப்போது காயம் எதுவும் இல்லை. காவல் நிலையக் கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்."

கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. கேட்காதவனுக்கு அந்தப் பதிவு கிடைப்பதில்லை.

கடிதத்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? 1986இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, 1996 டிசம்பர் 18 அன்று 11 கட்டளைகளை நீதிமன்றம் பிறப்பித்தது. போலீசார் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அப்பகுதிப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் வந்தவையே. உங்களிடம் அந்தக் குறிப்பை நீட்டினால் நேரத்தைப் பாருங்கள். பொய்யான நேரம் என்றால் கையெழுத்திடாதீர்கள். அல்லது, உண்மையான நேரத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளையா?

இதுதான் பெற்றோர் அறியாத பெரிய விஷயம். 18 வயது முடியாதவன் சட்டத்தின் பார்வையில் குழந்தை. அவனுக்குப் பொருந்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இந்தச் சிந்தனை நமக்குப் புதிதல்ல. இந்தியாவிலேயே முதன்முதலில் குழந்தைகளுக்கெனச் சட்டம் கொண்டு வந்தது நம் மதராஸ் மாகாணம்தான், 1920இல்!

இந்தச் சட்டப்படி பையனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. பெரியவர்களின் சிறைக்கு அனுப்பக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெண்.

ஜாமீன்? எந்தக் குற்றமானாலும் சிறுவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்று குழுமம் கருதினால் மட்டுமே, காரணத்தை எழுதி மறுக்கலாம். 16 வயது முடிந்த பையன் மீது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகள் என்றுள்ள கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் மட்டும், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயும்.

இவ்வளவு பாதுகாப்பும் எதில் தொங்குகிறது? வயதில்! அதனால்தான் 17 வயதுப் பையனுக்குக் காகிதத்தில் 19 என்று எழுதுவது நடக்கிறது. வயதை எப்படி முடிவு செய்வது என்பதையும் சட்டம் சொல்லிவிட்டது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. போலீஸ் பார்வையில் "மீசை முளைச்சிருக்கு, பெரிய பையன்தான்" என்பதெல்லாம் சான்று ஆகாது. வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு வந்த பிறகும் கூட, "அன்று எனக்கு 18 ஆகவில்லை" என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். ஆனால் முதல் நாளே சொன்னால் பையன் சிறைக்கே போக மாட்டான்!

எனவே இன்றே உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களை எடுத்துக் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள்.

கூர்நோக்கு இல்லம் என்றால் பத்திரமான இடம்தானே என்று இருந்துவிடவும் முடியாது. 2022 டிசம்பர் கடைசியில் திருட்டு வழக்கில் ரயில்வே போலீசாரால் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். டிசம்பர் 31 அன்று அவன் பிணமானான். அடுத்த மாதம் அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அதன் பிறகே, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. திண்டிவனத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர்தான் செங்கல்பட்டு. ஆகவே அனுப்பியாகிவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள். மறுநாளே போய்ப் பிள்ளையைப் பாருங்கள். அன்றே ஜாமீன் மனு போடுங்கள்.

இன்னொன்று. நியாயம் கேட்கிறேன் என்று பையனின் போட்டோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள் சில உறவினர்கள். சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். அதோடு, நாளை அவன் விடுதலையான பின்னும் அந்தப் படம் அவனைத் துரத்தும்.

மாஜிஸ்திரேட் முன்னால் ஊமையாக நிற்காதீர்கள்

நீதிமன்றத்துக்குக் கொண்டு வரும் நேரத்தில் குடும்பத்தில் இருவராவது வக்கீலோடு அங்கே இருக்க வேண்டும். அடித்திருந்தால், "ஐயா, என்னை அடிச்சாங்க, இங்க வலிக்குது" என்று அந்த இடத்திலேயே பையன் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையின் சீட்டில் எழுதப்படும் காயம் ஆயிரம் சாட்சிகளுக்குச் சமம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. இது வெள்ளையன் காலத்து 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி, புதிய சட்டத்திலும் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் மௌனம் என்ன செய்யும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கில் கடை திறந்து வைத்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். பின்னாலேயே போன மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். மறுநாள் மருத்துவச் சான்று வாங்கப்பட்டது, ரிமாண்டும் ஆனது, கோவில்பட்டி கிளைச் சிறையில் இருவரும் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 காலை தகப்பன் இறந்தார். மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை என்று மூன்று வாசல்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்! அந்த மூன்றில் ஒன்றிலாவது காயங்கள் உள்ளபடி எழுதப்பட்டிருந்தால்?

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. திண்டிவனத்தில் வட்டக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சிறுவன் என்றால் 1098. டீக்கடைத் தரகருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்!

"ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க"

சின்ன வழக்குதானே, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று சிலர் புத்தி சொல்வார்கள். செய்யாத குற்றத்துக்கு இதைச் செய்யாதீர்கள். நாளை பாஸ்போர்ட்டுக்கும், வளைகுடா வேலைக்குப் போலீஸ் சான்றுக்கும், அரசு வேலைக்கும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். யூசுஃப் நபி அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவருக்கு அரசனின் அழைப்பு வந்தபோதும், என் மீது சாட்டப்பட்ட பழியை முதலில் விசாரியுங்கள் என்று கேட்டவர் அவர். வெளியே வருவதை விடப் பழி நீங்கி வருவது மேல்!

சரி, பையன் உண்மையிலேயே தப்பு செய்திருந்தால்? மறைக்காதீர்கள், பொய்ச் சாட்சி தேடாதீர்கள். பிறர் பொருளைத் திருடியிருந்தால் வக்கீல் மூலம் திருப்பிக் கொடுக்க வழி பாருங்கள். ஆனால் "இவன் எனக்குப் பிள்ளையே இல்ல, என்ன வேணா செஞ்சுக்குங்க" என்று ஸ்டேஷனில் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல், அடிப்பதற்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. தவறு செய்தவனுக்கும் சட்டம் உண்டு. சிறுவனுக்கு அறிவுரை, சமூகச் சேவை முதல் அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம் வரை உத்தரவிடலாம். அதன் பிறகு அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும், அது அவன் எதிர்காலத்துக்குத் தடையாகக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகைகள் இல்லை. சட்டமே திருந்த வழிவிடும்போது பெற்றவன் கதவை மூடலாமா?

திண்டிவனத்திலேயே ஒரு பாடம்

நம்மை விட ஏழைகளான, நம்மை விட ஆள் பலமற்ற ஒரு சமூகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கிற இருளர் மக்கள்தான் அவர்கள். துப்புக் கிடைக்காத திருட்டு வழக்கென்றால் முதலில் பிடிபடுவது அவர்கள் பிள்ளைகள்! 1993இல் ஒருவரைத் தேடிப் புதுவையிலிருந்து வந்த காவலர்கள், அத்தியூரில் 17 வயது இருளர் பெண்ணுக்குக் கொடுமை இழைத்தார்கள். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் போலீசார் திருட்டு வழக்கென்று ஆண்களைப் பிடித்ததோடு நில்லாமல், இரவில் பெண்களையும் வண்டியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். நான்கு பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் கொடுத்தார்கள். சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்ய வேண்டும் என்ற சட்டம் அன்றும் இருந்தது!

ஆனால் அவர்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். பிரபா கல்விமணி என்கிற கல்யாணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்து, ஒவ்வொரு சம்பவத்தையும் தேதியோடு எழுதி, மனு மேல் மனுவாகப் போட்டார். அத்தியூர் வழக்கில் 13 ஆண்டுகள் கழித்து, 2006இல், விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்குத் தண்டனை கொடுத்தது. பிறகு உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது என்பதும் உண்மை. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் போலீசாரைப் பதிமூன்று ஆண்டுகள் கூண்டில் நிறுத்தினார்களே, அது எதனால் முடிந்தது? உடன் நிற்க ஆள் இருந்தது, எழுதி வைக்க ஒரு கை இருந்தது.

பள்ளிவாசலும், ஜமாஅத்தும், கடைவீதியில் வரிசையாகக் கடைகளும் உள்ள நமக்கு அது முடியாதா? "நமக்கேன் வம்பு" என்று முத்தவல்லி ஒதுங்குகிறார். "ஜாமீன் கையெழுத்தா? என் பேரு கெட்டுடும்" என்று கடைக்காரர் நழுவுகிறார். பிணை கொடுக்க இரண்டு பேர் வராத ஒரே காரணத்தால், ஜாமீன் கிடைத்த பிறகும் பிள்ளைகள் சிறையில் கிடக்கிறார்களே, இது யார் குற்றம்? இதற்கும் போலீஸ்தான் காரணமா?

விழுப்புரம், திண்டிவனம், கோட்டக்குப்பம் என்று ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று இளைஞர்களைப் பொறுப்பாக்குங்கள். அவர்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அதில் இரண்டு வக்கீல்களின் எண்கள், எஸ்.பி. அலுவலக முகவரி, பிணைக்கு முன்வரும் நான்கு வியாபாரிகளின் பெயர்கள் இருக்கட்டும். நம் பிள்ளைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துத் தெரு இருளர் பிள்ளைக்கும் தலித் பிள்ளைக்கும் அந்த நோட்டு திறக்கட்டும். அநீதி யாருக்கு நடந்தாலும் அநீதிதானே?

வரும் ஜும்ஆ முடிந்ததும் கலைந்து போகாமல் கால் மணி நேரம் உட்காருங்கள். முதல் பக்கத்தை எழுதிவிட்டுக் கடை திறக்கப் போங்கள்.